மூணு வேளை தேய்ச்சும் ஈறு வீங்கிப்போன பையன்: க்ளிப் போட்ட ஒரு கேஸ்

இந்த கேஸ எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன், தள்ளிப் போயிட்டே இருந்துச்சு, ஏன்னா இதுல பாதி தப்பு என்னோடது. பல் சீரமைப்பு பண்றவங்க, க்ளிப் போட்ட பிள்ளைங்கள வீட்ல வெச்சிருக்கிறவங்க, இப்பதான் போடப்போறவங்க எல்லாருக்கும் இதுல ஏதாவது ஒண்ணு உதவும்னு நெனக்கிறேன். பையனும் அவன் அம்மாவும் எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க, ஆளு அடையாளம் தெரியுற மாதிரி எதுவும் இதுல இல்ல.

பையனுக்கு ஆரம்பிக்கும்போது 15 வயசு. மேல்வரிசைல எடம் பத்தாம ரெண்டு கோரைப்பல்லும் தெத்துப்பல்லா வெளிய ஏறி நின்னுச்சு, கீழ முன்பல்லு நாலும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடந்துச்சு. பல்லு எதுவும் எடுக்க வேண்டியில்ல. சொத்தை கிடையாது, கீழ் முன்பல்லுக்கு உள்பக்கம் கொஞ்சம் காரை, அதாவது கல்லு மாதிரி கெட்டியான அழுக்கு, இருந்துச்சு, அத எடுத்துட்டு போட்டோ புடிச்சு வெச்சுக்கிட்டோம். அந்த போட்டோல பல்லு எல்லாம் சுத்தமா ஒரே நிறத்துல இருக்கு, இது பின்னாடி முக்கியமாகப் போகுது. மேலயும் கீழயும் மெட்டல் ப்ராக்கெட் (ஒவ்வொரு பல்லு மேலயும் ஒட்டுற சின்னக் கட்டை), முதல் கடைவாய்ப்பல்லுக்கு பேண்டு (பல்ல சுத்தி மாட்டுற வளையம்), வயர், ப்ராக்கெட்டுல வயர புடிச்சு வெக்கிற கலர் ரப்பர், எல்லாம் வழக்கமானதுதான். நாலு, அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை வருவான், வயர் மாத்துவோம், "இந்த தடவ என்ன கலர்டா வேணும்"னு கேப்போம், போயிடுவான்.

ஏழாவது மாசம் வந்தப்போ கீழ ஒரு ப்ராக்கெட் கழண்டு வயர்ல ஆடிட்டு இருந்துச்சு. திரும்ப ஒட்டணும்னா பல்ல காய வெக்கணும், காத்து அடிச்சேன். அடிச்ச உடனே ப்ராக்கெட் இருந்த எடத்துக்கும் ஈறுக்கும் நடுவுல சுண்ணாம்பு தடவுன மாதிரி பிறை வடிவத்துல ஒரு வெள்ளை. வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு எனக்கு. வயர கழட்டிட்டு எல்லா பல்லையும் ஒவ்வொண்ணா காய வெச்சுப் பாத்தேன். மேல நடுப்பல்லுக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு சின்ன முன்பல்லுலயும் இருக்கு, கோரைப்பல்லுல இருக்கு, கீழ முன்கடைவாய்ப்பல்லுல இருக்கு. மேல அந்த ரெண்டு சின்னப் பல்லுல மட்டும் எச்சில் ஈரத்தோடயே வெள்ளை தெரிஞ்சுது, மத்ததெல்லாம் காஞ்சாதான் தெரிஞ்சுது. இந்த வித்தியாசம் சும்மா இல்ல. எனாமல்ல இருந்து தாது கரைஞ்சு போகும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டை விழுது, ஈரமா இருக்கும்போது தண்ணி அந்த ஓட்டைய நெரப்பிடுது, அதனால பல்லு சாதாரணமா தெரியும், காய வெச்சா அங்க காத்து போய் வெளிச்சம் செதறி வெள்ளையா தெரியும். ஈரத்துலயே தெரியுதுன்னா இன்னும் ஆழமா போயிருக்குன்னு அர்த்தம்.

ஈறு அத விட மோசம். முன்பல்லு இடுக்குல இருக்கிற ஈறு முக்கோணமா இருக்கணும், இவனுக்கு உருண்டு பளபளன்னு செவந்து போயிருக்கு, கீழ ஒரு கோரைப்பல்லுல ஈறு வளந்து ப்ராக்கெட்டோட பாதி இறக்கைய மூடிடுச்சு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல அளவுக்கோல் விட்டுப் பாத்தா சில எடத்துல 5 மில்லிமீட்டர் போகுது, தொட்ட எடமெல்லாம் ரத்தம். எக்ஸ்ரேல எலும்பு கொறையல, அதாவது ஈறு கீழ எறங்கி பள்ளம் விழல, வீங்கி மேல ஏறுனதால ஆழம் மாதிரி காட்டுது. அது ஒண்ணுதான் அன்னிக்கு எனக்கு இருந்த ஆறுதல்.

அடுத்து நான் பண்ணதுதான் இந்த எழுத்துக்கே காரணம். கோவத்துல, "ஏம்ப்பா, நீ ப்ரஷ் பண்றதே இல்லையா?"ன்னு கேட்டுட்டேன். பையன் தலைய குனிஞ்சுகிட்டு, "மூணு வேளையும் பண்றேன் டாக்டர்"ங்கிறான். வெளிய இருந்த அம்மாவ கூப்ட்டு கேட்டா, "பாத்ரூம்ல பத்து நிமிஷம் நிக்கிறான் டாக்டர், ஸ்கூலுக்கு லேட்டாகுதுன்னு நான்தான் தெனமும் சத்தம் போடறேன்"னு சொல்றாங்க. நான் நம்பல. க்ளிப் போட்ட பிள்ளைங்க எல்லாரும் சொல்ற பதில்தானே இதுன்னு மனசுக்குள்ள ஓடுது. நோட்ல "ஒத்துழைப்பு சரியில்ல"ன்னு எழுதிட்டு, இன்னும் ஒரு தடவ அறிவுரை சொல்லி அனுப்பியிருந்தா கதை அதோட முடிஞ்சிருக்கும், அடுத்த மாசம் இன்னும் நாலு பல்லு வெள்ளையாயிருக்கும்.

ஏதோ அன்னிக்கு அடுத்த பேஷன்ட் வரல, நேரம் இருந்துச்சு. அழுக்கு காட்டுற மாத்திரை ஒண்ணு குடுத்து மெல்லச் சொன்னேன், ரெண்டு கலர் காட்டுற வகை, புதுப் படலம் பிங்க்காவும் பழைய படலம் நீலமாவும் தெரியும். கண்ணாடிய காட்டல. புது ப்ரஷ் ஒண்ணு குடுத்து, "வீட்ல எப்படி பண்ணுவியோ அப்படியே பண்ணு, நான் எதுவும் பேச மாட்டேன்"னு சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

பையன் பொய் சொல்லல. நாலரை நிமிஷம் தேய்ச்சான், நான் கடிகாரம் பாத்தேன். ஆனா ப்ரஷ் பூராவும் ப்ராக்கெட் மேலயே போயிட்டு வருது. இடமும் வலமுமா நீளமா ஒரு இழுப்பு, ப்ராக்கெட்டெல்லாம் பாத்திரம் விளக்குன மாதிரி மின்னுது. ப்ராக்கெட் வெளிய தூக்கிட்டு நிக்குதுல்ல, ப்ரஷ்ஷோட நார் அதுல முட்டி நின்னுடும், அதுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு மூணு மில்லிமீட்டர் பட்டைக்கு நார் போய்ச் சேரவே சேராது. முடிச்சதும் மூணு தடவ வாய் நெறைய தண்ணி வெச்சு நல்லா கொப்பளிச்சான். அப்புறமா கண்ணாடி குடுத்தேன். ப்ராக்கெட் சுத்தம், கடிக்கிற பக்கம் சுத்தம், ஈறு ஓரத்துல எல்லா பல்லுலயும் நீலக் கோடு. மேல ரெண்டு சின்னப் பல்லுல அடர்த்தியா. வெள்ளைத் தழும்பு எங்க இருக்கோ சரியா அங்கயே நீலம்.

"அங்க தேய்ச்சா ரத்தம் வருது டாக்டர், அதான் அங்க படாம பண்றேன்"னான்.

இந்த ஒரு வரிக்கு ஏழு மாசம் ஆயிருக்கு. ரத்தம் வந்தா ப்ரஷ் பட்டு காயமாயிடுச்சுன்னு எந்தப் பிள்ளையும் நெனக்கும், பெரியவங்களே அப்படித்தான் நெனக்கிறாங்க. அழுக்கு இருக்கறதாலதான் ரத்தம் வருது, அங்க தேய்க்கலன்னா இன்னும் வீங்கும், வீங்குனா இன்னும் ரத்தம், அதனால இன்னும் தள்ளி தேய்ப்பான், இப்படியே சுத்திக்கிட்டே போகும். 1965ல லோ (Löe)ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு பண்ண ஒரு பழைய ஆய்வு பல் டாக்டருக்குப் படிச்ச எல்லாருக்கும் தெரியும், நல்ல ஈறு உள்ள 12 பேர வாய் சுத்தம் பண்றத மொத்தமா நிறுத்தச் சொன்னாங்க, 10ல இருந்து 21 நாளைக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிடுச்சு, திரும்ப சுத்தம் பண்ண ஆரம்பிச்சதும் ஒரு வாரம் பத்து நாள்ல சரியாயிடுச்சு. அதாவது சீக்கிரம் கெடும், சீக்கிரம் திரும்பியும் வரும். இத அவனுக்கு அப்படியே சொன்னேன், மொகம் கொஞ்சம் தெளிஞ்சுது.

வெள்ளைத் தழும்பு அப்படி லேசுல திரும்பி வராது, அதான் வித்தியாசம். பல்லு மேல ஒட்டியிருக்கிற படலத்துல இருக்கிற பாக்டீரியா சர்க்கரைய தின்னு அமிலம் விடுது, அங்க பிஹெச் (அமிலத்த அளக்குற எண், கொறைய கொறைய அமிலம் ஜாஸ்தி) 5.5க்கு கீழ போனா எனாமல் கரைய ஆரம்பிக்கும், ஒரு வாய் இனிப்புக்கு அப்புறம் சில நிமிஷத்துலயே அது எறங்கிடும், எச்சில் அத பழைய நெலைக்கு கொண்டு வர அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகும். க்ளிப் போட்ட வாய்ல ப்ராக்கெட்ட சுத்தி எச்சில் சரியா ஓடாது, படலம் தங்க எடமும் ஜாஸ்தி, நாலு வாரத்துலயே வெள்ளை விழலாம். 1982ல கோரெலிக் குழு வெளியிட்ட ஆய்வுல க்ளிப் போட்டவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு குறைஞ்சது ஒரு பல்லுலயாவது இந்த வெள்ளை இருந்துச்சு, அதுவும் மேல சின்ன முன்பல்லுலதான் அதிகம். காரணம் புரியுற மாதிரிதான் இருக்கு, அந்தப் பல்லு சின்னது, ப்ராக்கெட் ஒட்டுனா ஈறுக்கும் அதுக்கும் நடுவுல எடமே இருக்காது, மேல் முன்பக்கத்துக்கு எச்சிலும் கம்மி. அதே ஆய்வுல கீழ் முன்பல்லுக்கு உள்பக்கமா வருஷக்கணக்குல கம்பி ஒட்டி வெச்சிருந்தவங்களுக்கு அங்க வெள்ளையே விழல, ஏன்னா நாக்குக்கு கீழ எச்சில் குளம் மாதிரி நிக்குது. இவன் வாய்லயும் கீழ உள்பக்கம் ஒரு வெள்ளை கூட இல்ல, காரை மட்டும்தான்.

நெறைய பேர் கேக்குறாங்க, கம்பி போட்டதால, ஒட்டுற பசையால கறை வந்துச்சான்னு. ப்ராக்கெட்டுக்கு அடில பசை மூடியிருக்கிறதால அந்த எடம் பத்திரமா இருக்கும், கெடறது சுத்தி இருக்கிற எடம்தான். அதனாலதான் க்ளிப் கழட்டுனதும் நடுவுல நல்ல நிறத்துல சதுரம், சுத்தி வெள்ளைச் சட்டம்னு சில பேருக்கு தெரியுது. நடுவுல இருக்கறதுதான் அவங்களோட சொந்தப் பல்லு.

அப்புறம் குடிக்கிற, திங்கிற கதைய கேட்டேன். சாப்பாட்டுல ஒண்ணும் பெரிய தப்பு இல்ல. சாயந்திரம் படிக்க உக்காந்தா ஒரு பாட்டில் சோடா பக்கத்துல இருக்கும், ஒரே மூச்சுல குடிக்க மாட்டான், மூணு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுவான். அம்மா ஒரு பாட்டில்தானேன்னு விட்டுட்டாங்க. அளவு கம்மிதான், ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அமிலக் குளியல், எச்சில் மேல கொண்டு வர்றதுக்குள்ள அடுத்த வாய். இது போக தூக்கத்துல வாய தெறந்துட்டு மூச்சு விடற பழக்கம், மேல் முன் ஈறு காஞ்சு போய் அங்க வீக்கம் ஜாஸ்தியானதுக்கு அதுவும் ஒரு காரணம், காது மூக்கு தொண்டை டாக்டர பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்தேன்.

இப்ப என் பங்கு. பையனோட ஃபைல எடுத்து பொரட்டுனேன். ப்ராக்கெட் ஒட்டுன நாள்ல "வாய் சுத்தம் பத்தி சொல்லியாச்சு, நோட்டீஸ் குடுத்தாச்சு"ன்னு இருக்கு. அன்னிக்கு அவன் ஒண்ணரை மணி நேரம் வாய தெறந்து வெச்சுட்டு இருந்தான், ஒதடு வலி, பல்லு கூசுது, வீட்டுக்கு எப்ப போலாம்னு இருக்கிற பையன்கிட்ட நாங்க ஒம்போது விஷயத்த பதினஞ்சு நிமிஷத்துல ஒப்பிச்சிருக்கோம். மூணாவது மாசம் "சுமார்"னு எழுதியிருக்கேன், அஞ்சாவது மாசம் மறுபடியும் "சுமார்". சுமார்னா என்ன? எந்தப் பல்லு, எந்த ஓரம், ஏன், ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு தடவையும் கதவுகிட்ட போகும்போது முதுகுக்குப் பின்னாடி "நல்லா ப்ரஷ் பண்ணுப்பா"ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. அவனும் அதத்தான் பண்ணிட்டு இருந்தான், அவனுக்குத் தெரிஞ்ச நல்லா.

அன்னிக்கே பல்ல நகத்துற வேலைய நிறுத்திட்டோம். இடுக்கு மூட போட்டிருந்த ரப்பர் சங்கிலிய எடுத்தாச்சு, காரை படலம் எல்லாம் எடுத்து சுத்தம் பண்ணி, பழைய வயரையே சும்மா புடிச்சுக்கிற அளவுக்கு மாட்டி, கலர் ரப்பருக்குப் பதிலா மெல்லிசான ஸ்டீல் கம்பியால கட்டினேன், ரப்பர்ல அழுக்கு புடிக்கிறது எங்க அனுபவத்துல ஜாஸ்தி. பையனுக்கு கலர் போனதுல வருத்தம். காய வெச்ச பல்லுல ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினேன், 22,600 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 22,600 பங்கு ஃப்ளூரைடு), அன்னிக்கு ராத்திரி தேய்க்க வேணாம், காலைல இருந்து தேய்ச்சா போதும்னு சொன்னேன். க்ளோர்ஹெக்ஸிடின்ங்கிற கிருமி கொல்ற கொப்பளிப்பு மருந்து 0.2 சதவீதம், 10 மில்லி, ஒரு நிமிஷம், காலைலயும் ராத்திரியும், ரெண்டே வாரம். இத மாசக்கணக்குல கொப்பளிக்கிறவங்க இருக்காங்க, வேணாம், பல்லுல பழுப்புக் கறை புடிக்கும், நாக்குல ருசி மாறும். பேஸ்ட்டுல இருக்கிற நுரை வர்ற பொருள் இத வேலை செய்ய விடாது, அதனால தேய்ச்சு அரை மணி நேரம் கழிச்சுதான் கொப்பளிக்கணும்.

சொல்லிக் குடுத்தது அன்னிக்கு ரெண்டே ரெண்டு. இதுல நான் பிடிவாதமா இருந்தேன், அஞ்சாறு சாமான் குடுத்து அனுப்பலாம்னு அசிஸ்டென்ட் சொன்னப்பவும் வேணாம்னுட்டேன். ஒண்ணு, ஈறு ஓரம். சாஃப்ட் ப்ரஷ்ஷ 45 டிகிரி சாச்சு, பாதி நார் ஈறு மேல பாதி பல்லு மேல இருக்கிற மாதிரி வெச்சு, ரெண்டு ரெண்டு பல்லா சின்னதா அசைச்சுத் தேய்க்கணும், நீளமா இழுக்கக் கூடாது. அது முடிஞ்சு ப்ராக்கெட்டுக்கு மேல் ஓரத்துல இருந்து கீழ்நோக்கி ஒரு தடவ, கீழ் ஓரத்துல இருந்து மேல்நோக்கி ஒரு தடவ. ப்ராக்கெட் முகத்த தனியா தேய்க்கவே வேணாம், தானா சுத்தமாயிடும். கண்ணாடி பாத்துட்டுதான் பண்ணணும், நடந்துகிட்டே பண்ணக் கூடாது. ரெண்டாவது, துப்பணும், கொப்பளிக்கக் கூடாது. 1450 பிபிஎம் பேஸ்ட் வாங்கி தேய்ச்சுட்டு மூணு வாய் தண்ணியில கழுவி விட்டா ஃப்ளூரைடு சாக்கடைக்குத்தான் போகுது. அவனே என் முன்னாடி பண்ணான், நான் கைய புடிக்கல, நீலம் போற வரைக்கும் பண்ணச் சொன்னேன். "ரத்தம் வரும், பயப்படாத, பத்து நாளுக்குள்ள கொறையும், கொறையலன்னா போன் பண்ணு"ன்னு சொல்லி அனுப்புனேன். சோடாவ முழுசா நிறுத்துன்னு சொன்னா நடக்காதுன்னு தெரியும், சாப்பாட்டோட சேத்து குடிச்சு முடிச்சுடு, படிக்கும்போது மேசைல தண்ணி மட்டும், குடிச்ச உடனே தேய்க்காத, ஒரு மணி நேரமாவது விடுன்னு பேசி முடிச்சோம்.

நாலாவது நாள் அம்மா போன், "வாஷ் பேசின் பூரா ரத்தம் டாக்டர், நிறுத்திடட்டுமா?" நிறுத்தாதீங்கன்னேன். எட்டாவது நாள் வந்தான், முன்பக்கம் ரத்தம் பாதியா கொறைஞ்சிருச்சு, பின்னாடி அப்படியேதான். அன்னிக்குத்தான் இடுக்கு ப்ரஷ் குடுத்தேன், பாட்டில் கழுவுற ப்ரஷ் மாதிரி சின்னதா இருக்குமே அது, வயருக்கு அடில மேல இருந்து ஒரு தடவ கீழ இருந்து ஒரு தடவ நுழைச்சு, ப்ராக்கெட்டோட ரெண்டு பக்கச் செவுத்தையும் தேய்க்கணும். எல்லா பல்லுக்கும் ரெண்டரை நிமிஷம் கூடுதலா ஆச்சு அவனுக்கு. கடைவாய்ப்பல்லு பேண்டுக்குப் பின்னாடி சாதாரண ப்ரஷ் தலை நுழையவே நுழையாது, அதுக்கு ஒத்தைக் கொத்து ப்ரஷ், அது ரெண்டாவது வாரம். நூல் போட்டு எடுக்கறது மேல முன்பல்லு ஆறுக்கு மட்டும், அதுவும் ராத்திரி மட்டும், கொக்கி வெச்சு வயருக்கு அடில விட்டு எடுக்கணும், பொறுமை வேணும், மொத்த வாய்க்கும் சொன்னா மூணாம் நாள் விட்டுடுவான். 0.05 சதவீத சோடியம் ஃப்ளூரைடு கொப்பளிப்பு, தேய்க்கிற நேரத்துல இல்லாம ஸ்கூல் விட்டு வந்ததும். அம்மா தண்ணி பீச்சுற மெஷின் வாங்கலாமான்னு கேட்டாங்க, வாங்கலாம், மாட்டிக்கிட்ட சாப்பாட எடுக்கும், ஈறுக்கும் நல்லது, ஆனா ஒட்டியிருக்கிற படலத்த முழுசா எடுக்காது, அது வந்துடுச்சுன்னு ப்ரஷ்ஷ கீழ வெச்சுடக் கூடாதுன்னேன். இன்னொண்ணு, க்ளிப் போட்ட வாய்ல ப்ரஷ் சீக்கிரம் தேஞ்சுடும், மூணு மாசம் வரைக்கும் காத்திருக்க வேணாம், நார் விரிஞ்சா அன்னிக்கே மாத்தணும்.

ஆறாவது வாரம் ஈறு கிட்டத்தட்ட பழைய வடிவத்துக்கு வந்துடுச்சு, கீழ கோரைப்பல்லு பக்கம் மட்டும் தடிச்சு நின்னுச்சு. அறுத்து எடுக்கலாமான்னு யோசிச்சேன், அழுக்கு இல்லாதப்போ அது மெதுவா கொறையும், க்ளிப் கழட்டுன அப்புறமும் இருந்தா பாத்துக்கலாம்னு விட்டேன், கழட்டி மூணு மாசத்துல தானா போயிடுச்சு. திரும்ப பல்ல நகத்த ஆரம்பிச்சோம். வார்னிஷ் மூணு மாசத்துக்கு ஒரு தடவ.

நேர்க்கோட்டுல போகல கதை. பதினோராவது மாசம் பரீட்சை, பையன் பழையபடி வந்து நின்னான், ஈறு செவந்து, மேசைல பாட்டில் திரும்ப வந்துடுச்சாம். அன்னிக்கு நான் திட்டல, மாத்திரை குடுத்து கண்ணாடிய கைல குடுத்தேன், அவனே பாத்துட்டு "இங்க விட்டுட்டேன் டாக்டர்"னு வெரல் வெச்சுக் காட்டுனான். ரெண்டு வாரத்துல சரி. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ, ஞாயித்துக்கிழமை, வீட்லயே மாத்திரை போட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், முதல்ல ரெண்டு மாசம் ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு, வாய் நல்லா இருந்துச்சு, நானும் கேக்கல.

22வது மாசம் கழட்டினோம். புதுசா ஒரு வெள்ளை கூட விழல. பழைய தழும்புல காஞ்சா மட்டும் தெரிஞ்சதெல்லாம் மங்கி, தேடுனாதான் தெரியுது. மேல சின்னப் பல்லு ரெண்டுல இன்னும் இருக்கு. அம்மா உடனே ஏதாவது பண்ணணும்னாங்க. அங்க அவசரப்படக் கூடாது, கெட்டியான ஃப்ளூரைட அதுமேல பூசுனா மேல்தோல் மட்டும் இறுகி உள்ள வெள்ளை அப்படியே நின்னுடும், சாதாரண பேஸ்ட்டும் எச்சிலும் மெதுவா தாதுவ உள்ள கொண்டு போகட்டும்னு ஆறு மாசம் டைம் கேட்டேன். வெள்ளையாக்குற பேஸ்ட் எதுவும் வேணாம்னும் சொன்னேன், விளம்பரம் பாத்து வாங்கிடுவாங்கன்னு பயம். ஆறு மாசம் கழிச்சு வலது பக்கத்துல ஈரத்துல தெரியல, இடது பக்கத்துல மெல்லிசா ஒரு பிறை. திரவ ரெசின (ப்ளாஸ்டிக் மாதிரி இறுகுற பொருள்) ஊற வெச்சு மறைக்கிற முறை இருக்கு, ட்ரில் போட வேண்டியதில்லன்னு வெளக்குனேன். கண்ணாடிய பாத்தான், சிரிச்சுப் பாத்தான். "இருக்கட்டும் டாக்டர், எனக்கே தேடுனாதான் தெரியுது"ன்னுட்டான்.

எங்க க்ளினிக்ல ப்ராக்கெட் ஒட்டுற நாள்ல இப்ப பேசறதே இல்ல, சாஃப்ட் ப்ரஷ்ஷும் ஒதடு குத்தாம இருக்க மெழுகும் குடுத்து அனுப்பிடறோம். வலி அடங்குன பத்தாவது நாள் பேஷன்ட்ட தனியா வரச் சொல்லி, மாத்திரை குடுத்து, தேய்க்கச் சொல்லி, பாக்குறோம். ஃபைல்ல "சுமார்"னு யாரும் எழுதக் கூடாது, பல்லு நம்பரும் ஓரமும் எழுதணும். அஞ்சாறு நிமிஷம் கூடுதலா போகுது, வெயிட்டிங்ல இருக்கிறவங்க முணுமுணுக்கிறாங்க.

இவனுக்கு க்ளிப் கழட்டுன அன்னிக்கே பல்லு திரும்பி நகராம இருக்க கீழ் முன்பல்லு ஆறுக்கும் உள்பக்கமா கம்பி ஒட்டினேன். ஒட்டி முடிச்சு சீட்ட நிமித்துனதும் நாக்கால தடவிப் பாத்துட்டு அவனே கேட்டான், "இதுக்கு அடில நூல் எப்படி விடறது டாக்டர்?" கைல கண்ணாடிய குடுத்துட்டு ட்ராயர்ல கொக்கிய தேட ஆரம்பிச்சேன்.